நாற்காலி எடுத்துப் போட்டவளுக்காக ஏன் அழுதீர்கள்?

"சீரியலில் சாவுக் காட்சி என்றாலே ஏன் இவ்வளவு கூச்சல்?" என்று தலைப்பில் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கீழே விவரமாக எழுதியதைப் படித்தால் உங்களை உறுத்துவது வேறு ஒன்று என்று தெரிகிறது. நீங்கள் பார்த்த தொடரில் ஒரு பெண் ஆறு வருடம் கழித்து, வேறு பெயரில், தான் பிறந்த வீட்டுக்கே நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் பணிப்பெண்ணாக வருகிறாள். அந்த நோயாளி அவளுடைய அப்பா. அவர் இறந்துபோகிறார். உடல் கூடத்தில் கிடக்கிறது, வீடு நிறைய ஆட்கள். ஓர் உறவினர் அவளைப் பார்த்து, "சும்மா நிக்காம அந்த நாற்காலியெல்லாம் எடுத்துப் போடும்மா" என்கிறார். அவள் எடுத்துப் போடுகிறாள். அந்த இடத்தில் உங்களுக்குக் கண் கலங்கியது. மூன்று நிமிடம் கழித்து அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி, "அப்பா, நான்தான் உங்க பொண்ணு" என்று உடல்மேல் விழுந்து கதறுகிறாள். அங்கே அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. "என் மனசு மரத்துப் போச்சா, இல்லை காட்சியில்தான் கோளாறா?" இதுதான் உங்கள் உண்மையான கேள்வி. கூடவே இன்னும் இரண்டு கேட்டிருக்கிறீர்கள்: பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாமல் போகுமா, நடிகையின் நடிப்பில் குறையா என்று.

நான் பதினேழு வருடமாகத் தொலைக்காட்சித் தொடர்களுக்கு எடிட்டிங் செய்கிறேன். கதை எழுதுபவன் அல்ல, மனநல நிபுணனும் அல்ல. எழுதி, நடித்து, படம் பிடித்து முடித்த பிறகு கைக்கு வருவதை வைத்து எது நிற்கிறது, எது விழுகிறது என்று தினமும் பார்ப்பவன். அந்த அனுபவத்தில் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: உங்கள் மனசு மரத்துப் போகவில்லை. நீங்கள் அழுத இடம்தான் காட்சியின் உயிர். அந்தக் கதறல் வந்ததும் அந்த உயிர் போய்விட்டது.

ஏன் என்று சொல்கிறேன். ஒருவர் இறந்த வீட்டில் எல்லோருக்கும் ஓர் இடம் தானாகவே அமைந்துவிடும். உடலுக்குப் பக்கத்தில் யார், அடுத்த வட்டத்தில் யார், வாசலில் யார், வேலை செய்துகொண்டிருப்பவர் யார். யாரும் சீட்டு எழுதிக் கொடுப்பதில்லை, ஆனாலும் எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு சத்தமாக அழலாம் என்பதுகூட அந்த இடத்தைப் பொறுத்ததுதான். பக்கத்து வீட்டுக்காரர் மகளைவிட அதிகமாக அழுதால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். மறைந்து வாழும் ஒருவரைப் பற்றிய கதைக்கு இதைவிடப் பொருத்தமான களம் கிடையாது. மற்ற நாளில் பெயரை மறைத்தால் போதும். இந்த ஒரு நாளில் துக்கத்தையும் மறைக்க வேண்டும். உடலுக்குப் பக்கத்தில் முதல் ஆளாக உட்கார வேண்டியவள் சுவரோரமாக நிற்கிறாள். நாற்காலி போடச் சொன்னவர் கெட்டவர் இல்லை, சத்தம்கூடப் போடவில்லை, "அம்மா" என்றுதான் கூப்பிட்டார். அவர் கண்ணுக்கு அவள் சும்மா நிற்கும் பணிப்பெண். அந்த ஒரு வாக்கியத்தில் அவளுடைய இடம் எது என்று எல்லோர் முன்னாலும் தீர்ப்பாகிவிட்டது. தீர்ப்பை ஏற்றுக்கொண்டு அவள் நாற்காலியைத் தூக்குகிறாள். நீங்கள் அழுதது அதற்குத்தான்.

இது கதாசிரியர்களின் கற்பனை மட்டும் இல்லை. துக்கம் பற்றி ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் கென்னத் டோக்கா 1989-ல் இதற்கென்றே ஒரு பெயர் கொடுத்தார். தமிழில் 'உரிமை மறுக்கப்பட்ட துக்கம்' என்று சொல்லலாம். இழப்பு உண்மையாக இருக்கும், ஆனால் அதை வெளியே சொல்ல முடியாது, ஊரறிய அழ முடியாது, யாரும் வந்து ஆறுதல் சொல்லவும் மாட்டார்கள். ரகசியமாகக் காதலித்தவர், பிரிந்துபோன மனைவி, நோயாளியைப் பல வருடம் கவனித்த பணியாளர் இவர்களெல்லாம் அந்த நிலையில் நிற்பவர்கள். உங்கள் தொடரின் நாயகி வெளிப்பார்வைக்குப் பணியாளர், உள்ளே மகள். அதனால் அவளுக்கு இரண்டு வகையிலும் மறுப்புதான். பார்ப்பவர்களில் பெரும்பாலோருக்கு வாழ்க்கையில் எங்கோ ஓர் இடத்தில் இப்படி வாய்விட்டு அழ முடியாமல் நின்ற அனுபவம் இருக்கும் என்று நான் நினைக்கிறேன். இது என் ஊகம்தான். ஆனால் இந்த வகைக் காட்சி போட்டுக் காட்டும்போது அறையில் பேச்சு நின்றுபோவதைப் பல முறை பார்த்திருக்கிறேன்.

இந்தக் காட்சியமைப்பு எவ்வளவு பழையது தெரியுமா? கி.மு. 5ஆம் நூற்றாண்டில் கிரேக்க நாடகாசிரியர் சோஃபக்ளீஸ் எழுதிய 'எலக்ட்ரா'வில் இதே நிலைமை வருகிறது. ஒரஸ்டீஸ் என்ற இளைஞன் தான் இறந்துவிட்டதாகப் பொய்ச் செய்தி பரப்பிவிட்டு, வேற்றூர் ஆள்போலத் தன் ஊருக்கே வருகிறான். கையில் ஒரு கலசம். "ஒரஸ்டீஸின் சாம்பல்" என்று சொல்லிக் கொடுக்கிறான். கலசத்தை வாங்கிக்கொள்பவள் அவனுடைய அக்கா எலக்ட்ரா. தம்பிதான் எதிரே நிற்கிறான் என்று தெரியாமல் அவள் அதை மார்போடு அணைத்துக்கொண்டு புலம்புகிறாள். அவள் யார் என்று அதுவரை அவனுக்கும் தெரியாது, அந்தப் புலம்பலைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறான். பார்ப்பவர்களுக்கோ தொடக்கத்திலிருந்தே எல்லாம் தெரியும். புலம்பல் தொடங்கியதிலிருந்து அவன் தம்பிதான் என்று அவளுக்கு உறைக்கும் வரை ஏறத்தாழ 100 வரிகள் போகின்றன. அவன் "நான்தான்" என்று ஓடிவந்து கட்டிப்பிடிப்பதில்லை. முதலில் கலசத்தைத் திருப்பிக் கேட்கிறான். அவள் தர மறுக்கிறாள். அது ஒரஸ்டீஸின் சாம்பல் இல்லை என்கிறான். அப்படியானால் அவன் கல்லறை எங்கே என்று அவள் கேட்கிறாள். உயிரோடு இருப்பவனுக்குக் கல்லறை ஏது என்கிறான். படிப்படியாக, அவளே வந்து சேரும்படி விடுகிறார் சோஃபக்ளீஸ். அப்பாவின் முத்திரை மோதிரத்தைக் காட்டுவதெல்லாம் கடைசியில்தான்.

இந்த நாடகத்தோடு சேர்த்து ஒரு கதையும் சொல்வார்கள். போலஸ் என்ற புகழ்பெற்ற நடிகர், மகனைப் பறிகொடுத்த பிறகு எலக்ட்ராவாக நடிக்க மேடை ஏறினாராம். கையில் எடுத்துவந்தது நாடகக் கலசம் இல்லை, மகனின் எலும்புகள் இருந்த உண்மையான கலசம். அவையோர் கேட்டது நடிப்பு அழுகை இல்லை. இதை எழுதிவைத்தவர் ஔலுஸ் கெல்லியுஸ், கி.பி. 2ஆம் நூற்றாண்டு ரோமானியர். போலஸ் வாழ்ந்தது அதற்குச் சுமார் 500 வருடம் முன்பு. அதனால் நடந்தது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். நடந்திருந்தாலும் அந்தக் காட்சி நின்றது கலசத்துக்குள் இருந்த எலும்பால் மட்டும் இல்லை, எதிரே நின்றவன் வாய் திறக்க முடியாமல் நின்றதாலும்தான் என்பது என் எண்ணம்.

உங்கள் எரிச்சலுக்கு நேரடியான விளக்கம் அரிஸ்டாட்டிலிடம் இருக்கிறது. 'கவிதையியல்' நூலின் 16ஆம் அத்தியாயத்தில், ஒருவர் யார் என்று தெரியவரும் வழிகளை அவர் வகைபிரிக்கிறார். தழும்பு, நகை போன்ற அடையாளங்களால் தெரிவது கலை நயம் குறைந்தது. பாத்திரமே முன்வந்து "நான் இன்னார்" என்று சொல்லிவிடுவதும் அவருக்குப் பிடிக்கவில்லை. அங்கே பாத்திரம் பேசுவது கதைக்குத் தேவையானதை அல்ல, ஆசிரியருக்குத் தேவையானதை என்கிறார். இன்னொரு வகை, எதையோ பார்த்தோ கேட்டோ பழைய நினைவு கிளம்பி ஒருவர் தன்னை மீறி அழ, அந்த அழுகையால் பிடிபடுவது. எல்லாவற்றிலும் சிறந்தது, நிகழ்ச்சிகளின் போக்கிலேயே உண்மை தானாக வெளிப்படுவது. உங்கள் தொடரில் இந்தச் சிறந்த வழிக்கு எல்லாமே தயாராக இருந்தது. நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: அப்பாவின் மூக்குக் கண்ணாடியைக் காணோம் என்று வீடே தேடும்போது, அவள் நேரே போய்ப் பழைய அலமாரியின் மேல்தட்டில் கைவிட்டு எடுத்துக் கொடுக்கிறாள். வேலைக்கு வந்து இரண்டு மாதமே ஆன பணிப்பெண்ணுக்கு, அந்த மனிதர் இருபது வருடத்துக்கு முன் கண்ணாடி வைத்த இடம் எப்படித் தெரிந்தது? இதை வீட்டில் ஒரே ஒருவர் கவனித்திருந்தால் போதும். மீதி மூன்று நிமிடமும் பார்ப்பவர்களுக்கு மூச்சு முட்டியிருக்கும். அதை விட்டுவிட்டு அவளையே சொல்ல வைத்துவிட்டார்கள். அவள் சொன்ன செய்தி உங்களுக்கு முதல் நாளே தெரிந்தது. தெரிந்த செய்தியை உரக்கச் சொன்னால் கண்ணீர் வராது.

இனி என் மேஜைக்கு வருகிறேன், ஏனென்றால் பாதிக் கோளாறு அங்கேதான் நடக்கிறது. சாவுக் காட்சி என்றால் பதினைந்து, இருபது நடிகர்கள். எல்லோருடைய முகத்தையும் தனித்தனியாக எடுத்துவைத்திருப்பார்கள். உண்மை வெடிக்கும் இடத்தில் ஒவ்வொரு முகத்துக்கும் குளோசப் போட்டு, அதையே மூன்று முறை இடி முழக்கத்தோடு காட்டுவதைத்தான் நீங்கள் "கூச்சல்" என்று சொன்னீர்கள். அந்த முகங்கள் எல்லாவற்றிலும் இருப்பது ஒரே உணர்ச்சி, அதிர்ச்சி. அண்ணன் அதிர்ச்சி, அத்தை அதிர்ச்சி, வக்கீல் அதிர்ச்சி. ஒரே செய்தியைப் பதினைந்து பேர் ஒரே நேரத்தில் கேட்டால் வேறென்ன வரும்? எடிட்டருக்கு அங்கே தேர்ந்தெடுக்க ஒன்றும் இல்லை, அடுக்கத்தான் முடியும். ஒருவருக்கு மட்டும் தெரிந்து மற்றவர்களுக்குத் தெரியாமல் இருக்கும்போது நிலைமை வேறு. தெரிந்தவர் முகம், தெரியாதவர் முகம், மறைப்பவர் முகம் என்று மூன்று விதமான பார்வை கிடைக்கும். அங்கேதான் ஒவ்வொரு வெட்டுக்கும் பொருள் வரும்.

நாற்காலி இடத்தை எடிட்டர் எப்படிச் செய்திருக்கிறார் என்று கவனித்தீர்களா? நீங்கள் எழுதியதை வைத்துச் சொல்கிறேன்: அந்த இடத்தில் இசை இல்லை, நாற்காலியின் கால் தரையில் உரசும் சத்தம் மட்டும் கேட்டது. இது தற்செயல் இல்லை. கூட்டத்தின் அழுகைச் சத்தம் தனி ட்ராக்கில் இருக்கும். அதைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, உரசல் சத்தத்தை மேலே கொண்டுவந்திருக்கிறார்கள். அப்படிச் செய்தால் நாம் கூட்டத்தோடு இருக்க மாட்டோம், அவளோடு இருப்போம். அவள் காதுக்கு அந்த நேரத்தில் வேறெதுவும் கேட்கவில்லை என்று நமக்குத் தோன்றும். அவள் முகத்தில் ஒரு கண்ணீர்கூட இல்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். கண்ணீர் இல்லாத முகத்தில் நாம்தான் கண்ணீரை வைக்கிறோம்.

இதைப் பற்றி சினிமாவில் ஒரு புகழ்பெற்ற சோதனையே உண்டு. 1920 வாக்கில் ரஷ்ய இயக்குநர் லெவ் குலெஷோவ், மோஸ்யூகின் என்ற நடிகரின் உணர்ச்சியற்ற ஒரே முகத்தை எடுத்து, ஒரு தடவை சூப் கிண்ணத்தோடும், ஒரு தடவை சவப்பெட்டியோடும், இன்னொரு தடவை வேறொரு காட்சியோடும் ஒட்டிக் காட்டினார் என்றும், பார்த்தவர்கள் அந்த முகத்தில் பசியையும் துக்கத்தையும் கண்டதாகச் சொன்னார்கள் என்றும் சினிமாப் பள்ளிகளில் சொல்லித்தருவார்கள். எனக்கும் அப்படித்தான் சொல்லித்தந்தார்கள். ஆனால் அந்தப் படச்சுருள் இன்று இல்லை. நமக்குக் கிடைப்பது அவருடைய மாணவர் புதோவ்கின் பின்னால் சொன்ன விவரிப்பும் குலெஷோவின் நினைவுகளும். எந்தெந்தக் காட்சிகளோடு ஒட்டினார்கள் என்பதிலேயே இரண்டும் ஒத்துப்போகவில்லை. 1992-ல் இரண்டு ஆய்வாளர்கள் இதைத் திரும்பச் செய்து பார்த்தபோது அப்படி ஒரு விளைவு கிடைக்கவில்லை. 2006-லும் 2016-லும் வேறு முறைகளில் செய்தவர்களுக்கு ஓரளவு கிடைத்தது. ஆகவே வெறும் முகத்தில் எல்லோரும் எப்போதும் துக்கத்தைக் காண்பார்கள் என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனால் கதை தெரிந்தவர் காண்பார் என்பதை நான் தினமும் பார்க்கிறேன். நாயகி யார் என்று தெரியாத ஒருவருக்கு அந்த நாற்காலி ஷாட்டைத் தனியாகப் போட்டுக் காட்டினால், ஒரு பெண் நாற்காலி போடுகிறாள் என்பார், அவ்வளவுதான்.

இந்த இடத்தில் ஒரு சிறு விஷயம், கேள்விக்கு நேரடித் தொடர்பில்லை என்றாலும் சொல்கிறேன். கதறல் காட்சியில் இறந்தவரின் மார்பு லேசாக ஏறி இறங்கியது என்று எழுதியிருந்தீர்கள். படுத்திருப்பவர் மூச்சை எவ்வளவு நேரம் பிடிக்க முடியும்? பொதுவாக இரண்டு மூச்சுக்கு நடுவில் கிடைக்கும் துண்டைத்தான் பயன்படுத்துவோம். இல்லையென்றால் மார்புப் பகுதியை மட்டும் மறைத்து, அங்கே அசையாத ஒரு பிரேமை ஒட்டுவோம். ஆனால் ஒருவர் உடல்மேலேயே விழுந்து உலுக்கிக்கொண்டிருந்தால் இரண்டுமே கைகொடுக்காது. நாயகியை உடலிலிருந்து தள்ளி நிற்கவைப்பதில் இப்படி ஒரு வசதியும் இருக்கிறது.

தாய்க்கு அடையாளம் தெரியாதா என்ற கேள்விக்கு வருவோம். பத்தொன்பது வயதில் போனவள், இருபத்தைந்தில் முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டு, கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தாள் என்கிறீர்கள். நேரில் இரண்டு மாதம் பார்த்தும் தெரியவில்லை என்பது நம்பும்படி இல்லை. நன்கு பழகிய முகத்தை மனிதர்கள் மிக மோசமான படத்தில்கூட அடையாளம் கண்டுவிடுவார்கள். பிரிட்டனில் நடத்தி 1999-ல் வெளியான ஓர் ஆய்வில், மங்கலான கண்காணிப்புக் கேமராப் பதிவிலிருந்த ஆசிரியர்களை அவர்களுடைய மாணவர்கள் சுலபமாகச் சொல்லிவிட்டார்கள். அவர்களை அறியாதவர்கள் திணறினார்கள், அதில் போலீஸ்காரர்களும் அடக்கம். மாணவனுக்கே இப்படியென்றால் தாயைச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு மூன்று வயதில் பிரிந்த குழந்தை என்று வைத்திருந்தால் ஏற்றுக்கொள்ளலாம்.

ஆனால் முகம் தெரிவது ஒன்று, தெரிந்ததாக ஒப்புக்கொள்வது இன்னொன்று. பாவல் சந்நியாசி வழக்கைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். டாக்கா அருகே பாவல் ஜமீனின் இரண்டாவது குமாரர் 1909-ல் டார்ஜிலிங்கில் இறந்ததாகச் சொல்லப்பட்டது. பன்னிரண்டு வருடம் கழித்து, 1921-ல், ஒரு சாமியார் தான்தான் அந்தக் குமாரர் என்றார். மயானத்தில் புயல்மழை வந்து எல்லோரும் ஒதுங்கியபோது சாதுக்கள் தன்னைக் காப்பாற்றியதாக அவர் தரப்பு சொன்னது. அக்கா ஜோதிர்மயி தம்பியேதான் என்றார். மனைவி விபாவதி கடைசிவரை இவர் என் கணவர் இல்லை என்றார். 1930-ல் தொடுத்த வழக்கு, ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகளைத் தாண்டி, 1946-ல் லண்டனில் பிரிவி கவுன்சிலில் (அன்றைய கடைசி மேல்முறையீட்டு நீதிமன்றம்) சாமியாருக்குச் சாதகமாக முடிந்தது. அடுத்த சில நாட்களிலேயே அவர் இறந்துபோனார். அந்தத் தகனம் உண்மையில் நடந்ததா என்பதே வழக்கின் பெரிய கேள்விகளில் ஒன்று. "நான்தான்" என்று சொன்னதும் எல்லாம் முடிந்துவிடாது, அங்கேதான் தொடங்குகிறது. உங்கள் தொடரில் அவள் கத்திய மறுநிமிடமே எல்லோரும் நம்பிவிட்டார்கள். சொத்தைப் பங்குபோட வந்தவள் என்று ஒருவராவது சந்தேகப்பட்டிருக்க வேண்டாமா?

நடிகையைப் பற்றி: வெளியிலிருந்து பார்த்து நடிப்பில் குறை என்று என்னால் சொல்ல முடியாது. இப்படி ஒரு கதறலை ஒரு நாளில் ஏழெட்டு டேக் எடுப்பார்கள். தொண்டை கட்டிப்போகும், கிளிசரின் பட்ட கண் சிவந்து எரியும். எந்த டேக் திரைக்கு வருகிறது என்பது பெரும்பாலும் நடிகர் கையில் இல்லை. நாற்காலி ஷாட்டில் அவர் செய்ததைப் பார்த்தால் விஷயம் தெரிந்தவர் என்றுதான் தோன்றுகிறது. கத்தியதையே நான் தவறு என்று சொல்லவில்லை. நூற்றுக்கணக்கான எபிசோடுகளாகக் காத்திருந்த பார்வையாளருக்கு அந்த வெடிப்பு வேண்டியிருந்திருக்கும், அவர்களில் பலர் அழுதுமிருப்பார்கள். அந்த அழுகையும் உண்மையானதுதான். ஒருவராவது தானாகக் கண்டுபிடிக்கும் வரை பொறுத்திருக்கலாம் என்பதுதான் என் குறை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் இதே தப்பைச் செய்திருக்கிறேன். வேறொரு தொடரில், பெயர் மாற்றி வாழும் ஒருவர், மனைவியின் உடலை எடுத்துப்போன பிறகு காலியான கூடத்தில் சுவரில் கை வைத்தபடி நிற்கும் ஷாட் வந்தது. பதினோரு விநாடி. ஒன்றுமே நடக்கவில்லையே என்று வெட்டித் தள்ளிவிட்டு, அடுத்து வரும் அழுகைக்குப் போய்விட்டேன். இயக்குநர் பார்த்துவிட்டு ஒரே வரிதான் சொன்னார்: "அவன் அழ எடுத்துக்கிட்ட நேரத்தை நீ எடுத்துட்டியேப்பா." பதினோரு விநாடியையும் திரும்ப வைத்தேன். பிறகு வந்த அழுகையில் பாதியை அவரே எடுக்கச் சொன்னார்.

முடிந்தால் உங்கள் காட்சியைச் சத்தத்தை முழுவதும் அணைத்துவிட்டு இன்னொரு முறை பாருங்கள். நாற்காலி போடும் ஷாட்டில் அம்மா திரையின் இடது ஓரத்தில், பாதி மறைந்து உட்கார்ந்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த நாற்காலியின் கால் உரசும்போது அவர் கண் உடலைப் பார்க்கிறதா, அவளைப் பார்க்கிறதா என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள். அவளைப் பார்த்தால், எழுதியவர் தாய்க்குத் தெரியும் என்றே வைத்திருக்கிறார். அப்படியானால் நாம் இரண்டு பேரும் இதுவரை பேசியதில் பாதியை மாற்றிப் பேச வேண்டியிருக்கும்.